கிளிப்லெஸ் பெடல்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களின் கேள்விகள்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று சலித்து, சயிக்கிளைத் தூசு தட்டி எடுத்த பலர் இன்னும் அதை விடவில்லை. அவர்களில் சிலர் கியர் சயிக்கிளுக்கு மாறி, ஞாயிறு விடிய முதலே காரைநகர், குறிகட்டுவான், பருத்தித்துறை என்று தூரம் போகிறார்கள். கொஞ்ச நாளில் பெடலைப் பற்றிய கேள்விகள் தொடங்கிவிடும். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கிளிப்லெஸ் பெடல் என்றால் என்ன?

சப்பாத்தின் அடியில் கிளீட் என்ற சின்னத் துண்டு ஒன்று பூட்டியிருக்கும். பெடலில் ஸ்பிறிங் வைத்த கவ்வி இருக்கும். முன்பாதத்தை வைத்து அமத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். நேரே மேலே இழுத்தால் விடாது. விழுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வசனத்தால்தான், அதற்குக் கீழே வருவோம்.

எங்கள் ஊரில் ஒரு ஏற்றமும் இல்லை. இது எதற்கு?

நியாயமான கேள்வி. முதலில் ஒரு நம்பிக்கையை ஒதுக்கி வைப்போம். "காலை மேலேயும் இழுத்து மிதிக்கலாம், அதனால் வேகம் கூடும்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஒரே சீராக ஓடும்போது விசை கிட்டத்தட்ட முழுவதும் கீழே மிதிக்கும்போதுதான் போகிறது. மேலே வருகிற கால், மற்றக் காலுக்குப் பாரமாக இல்லாமல் இருந்தாலே போதும். இந்தப் பெடலைப் பூட்டிய அன்றே வேகம் ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இங்கே இதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஏற்றம் இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவகப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்றை முகத்திலும் விலாவிலும் வாங்கிக்கொண்டு ஒரே கியரில் நெடுநேரம் மிதிக்க வேண்டும். மலை ஏறினால் இறக்கத்திலாவது கால் ஆறும். சமதரையில் எதிர்க்காற்று என்றால் மிதிப்பதை நிறுத்தவே முடியாது. களைத்த கால் பெடலில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கும் பின்னுக்கும் நகரும், அதை அடிக்கடி திருத்திக்கொண்டிருப்பீர்கள். கிளிப்லெஸ்ஸில் அந்த வேலை இல்லை. கால் வைத்த இடத்திலேயே நிற்கும். மிதி வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கியரை இலேசாக்கி, காற்றுக்குள் சீராகப் போகலாம். தார் பெயர்ந்த வீதியில் கால் துள்ளி விலகுவதும் இல்லை.

அப்படியென்றால் யாருக்குத் தேவையில்லை?

சந்தைக்கும் வேலைக்கும் ரியூஷனுக்கும் ஓடுகிறவர்களுக்குத் தேவையே இல்லை. சந்திக்குச் சந்தி இறங்கி, ஆட்களைக் கண்டால் காலை ஊன்றி நின்று கதைக்கிற ஓட்டத்துக்குத் தட்டைப் பெடல்தான் வசதி. தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் ஓடும் பழக்கம் வந்த பிறகு யோசித்தால் போதும். வளரும் பிள்ளைகளுக்கும் அவசரமில்லை, சப்பாத்து சின்னதாகிவிடும்.

இரண்டு திருகாணி, மூன்று திருகாணி என்கிறார்களே, எது வாங்குவது?

கிளீட்டைச் சப்பாத்தில் பூட்டும் திருகாணிகளின் எண்ணிக்கைதான் அது. இரண்டு திருகாணி வகையில் பரவலானது ஷிமானோ கம்பனியின் எஸ்பிடி. 1990இல் மலைச் சயிக்கிளுக்கென்று வந்தது. கிளீட் சின்ன இரும்புத் துண்டு, சப்பாத்தின் அடியில் ஒரு குழிக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே நடக்கலாம். மூன்று திருகாணி வகை பந்தய ஆட்களுக்கானது: லுக் கியோ, ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் போன்றவை. கிளீட் பெரிய பிளாஸ்டிக் துண்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடந்தால் தேயும். பாதம் பரவலாகத் தாங்கப்படுவதால் நீண்ட தூரத்துக்குச் சுகம்.

யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறவருக்கு நான் எஸ்பிடி என்றே சொல்வேன், சயிக்கிள் பந்தய வகையாக இருந்தாலும். இங்கே ஒரு ஓட்டம் என்றால் இடையில் தேத்தண்ணிக் கடை, கோயில் வீதி, மணல், படகுத்துறை எல்லாம் வரும். மூன்று திருகாணிச் சப்பாத்தோடு மெழுகின சீமெந்துத் தரையில் நடந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் எஸ்பிடியாகவும் உள்ள பெடலும் உண்டு, ஷிமானோ ஈஎச்500 போல. பட்டணத்துக்குள் செருப்போடும் தீவகத்துக்குச் சப்பாத்தோடும் ஒரே சயிக்கிளை ஓடுகிறவருக்கு அது பொருத்தம். ஒரே குறை, புறப்படும்போது சரியான பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்520 போன்றவற்றில் இரண்டு பக்கமும் பூட்டும்.

கிளீட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பெடலுக்கு ஏற்ற கிளீட்தான் பூட்டும். கிராங்பிரதர்ஸ் என்ற வேறு கம்பனியின் கிளீட்டும் இரண்டு திருகாணிதான், ஆனால் எஸ்பிடி பெடலில் ஏறாது. லுக் கியோ கிளீட் எஸ்பிடி-எஸ்எல் பெடலில் ஏறாது. வழக்கமாகப் புதுப் பெடலோடு அதற்குரிய கிளீட் பெட்டிக்குள் வரும், சப்பாத்தோடு வராது. பழைய பெடல் வாங்கினால் கிளீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

எஸ்பிடிக்குள்ளேயே இரண்டு உண்டு. எஸ்எச்51 குதிக்காலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 பல கோணங்களில் விடும், பதற்றத்தில் காலைச் சரித்து இழுத்தாலும் கழரும். புதியவர்கள் 56இல் தொடங்கலாம். ஆனால் எழும்பி நின்று உலுக்கி மிதித்தால் அது நினையாத நேரத்திலும் கழரக்கூடும். கை பழகியதும் 51க்கு மாறுகிறவர்களே அதிகம்.

மூன்று திருகாணியில் நிறத்தைப் பாருங்கள். ஷிமானோவில் மஞ்சள் என்றால் பூட்டியிருக்கும்போதே குதிக்கால் 6 பாகை வரை அசையலாம், நீலம் 2 பாகை, சிவப்பு அசையவே விடாது. தொடக்கத்துக்கு மஞ்சள். சிவப்பு அழகாக இருக்கிறது என்று வாங்க வேண்டாம், முழங்கால் திட்டும்.

சப்பாத்தை எங்கே, எப்படி வாங்குவது?

எங்கள் சயிக்கிள் கடைகள் நாளாந்தம் ஓடும் சயிக்கிள்களுக்கானவை. இந்தச் சாமானைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அல்லது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மாமாவின் சூட்கேசை நம்ப வேண்டும். மாமா கொண்டுவந்த சப்பாத்தைத் திருப்பி அனுப்பி மாற்ற முடியாது, ஆகவே அளவில் கவனம்.

பின்னேரத்தில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், ஒரு தாளில் நின்று இரண்டு பாதத்தையும் வரைந்து, குதிக்காலிலிருந்து மிக நீண்ட விரல் வரை மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள். "எட்டாம் நம்பர்" என்று மட்டும் சொன்னால் கம்பனிக்குக் கம்பனி வேறாக வரும். கம்பனியின் சென்ரிமீற்றர் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து செருப்போடு திரிந்து பாதம் விரிந்தவர்கள் அகலமான வகையைக் கேட்க வேண்டும். "இரண்டு திருகாணிச் சப்பாத்து" என்பதைத் தவறாமல் சொல்லிவிடுங்கள். சப்பாத்துக்கும் பெடலுக்கும் சேர்த்துத்தான் காசு என்றால், நல்ல சப்பாத்தும் மலிவான பெடலும் எடுங்கள். மலிவான எஸ்பிடி பெடல் வருடக்கணக்கில் உழைக்கும், கடிக்கிற சப்பாத்து ஒரு நாளும் திருந்தாது.

என்னுடையது லுமாலா. வீட்டில் அப்பாவின் பழைய ராலியும் நிற்கிறது. பூட்ட முடியுமா?

பெரும்பாலான சயிக்கிள்களில் கிறாங்கில், அதாவது பெடல் பூட்டும் தண்டில், உள்ள துளையின் அளவு 9/16 அங்குலம், கிளிப்லெஸ் பெடலும் அதே அளவுதான். சில சின்னச் சயிக்கிள்களிலும் ஒரே துண்டாக வளைத்த கிறாங்கிலும் 1/2 அங்குலம் வரும், அதில் ஏறாது. பழைய பெடலைக் கழற்றி அளந்து பாருங்கள்.

கழற்றும்போது ஒன்று: இடப்பக்கப் பெடலின் புரி தலைகீழ். வலப்பக்கம் வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும், இடப்பக்கம் இடஞ்சுழியாக இறுகும். பெடலில் எல், ஆர் என்று இருக்கும். மாறிப் பூட்டிப் பலமாகத் திருகினால் கிறாங்கின் புரி போய்விடும், அலுமினியக் கிறாங் என்றால் அவ்வளவுதான். புரிக்குக் கிறீஸ் பூசி, முதலில் கையால் சில சுற்றுத் திருப்புங்கள். கையால் ஓடவில்லையென்றால் ஏதோ பிழை, ஸ்பானரை எடுக்காதீர்கள். 15 மில்லிமீற்றர் ஸ்பானர், அல்லது பெடலைப் பொறுத்து 6 அல்லது 8 மில்லிமீற்றர் அலன்கீ (அறுகோணச் சாவி) தேவைப்படும்.

அப்பாவின் ராலியை விட்டுவிடுங்கள். அது நிமிர்ந்து இருந்து ஆறுதலாக ஓடுகிற சயிக்கிள்.

கிளீட்டை எந்த இடத்தில் பூட்டுவது?

பெருவிரலின் அடியில் பந்துபோல ஒரு எலும்பு தட்டுப்படும், சின்னவிரலின் அடியிலும் அப்படி ஒன்று. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வெளியிலிருந்து தடவிப் பார்த்துக் குறியுங்கள். பெடலின் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவில் வரும்படி கிளீட்டை வையுங்கள். சந்தேகம் என்றால் கொஞ்சம் பின்னுக்கு, முன்னுக்கு வேண்டாம். முன்னுக்கு வைத்தால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும்.

கோணத்துக்கு, ஒரு உயரமான மேசையில் இருந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அப்படியே விடுங்கள். பலருக்குக் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும், இரண்டு காலும் ஒன்றுபோல இருக்காது. நேராக இருப்பதுதான் அழகு என்று திருத்தப் போகாதீர்கள்.

திருகாணிக்குக் கிறீஸ் பூசி, 4 மில்லிமீற்றர் அலன்கீயால் வடிவாக இறுக்குங்கள். ஷிமானோ சொல்வது 5 முதல் 6 நியூட்டன்மீற்றர். தளர்வாக விடுவதில் ஒரு ஆபத்து உண்டு: குதிக்காலைத் திருப்பும்போது சப்பாத்து மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நிற்கும், கால் கழராது. முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிறகு கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டால், நகர்ந்தாலும் மாற்றினாலும் பழைய இடம் தெரியும்.

பெடலின் இறுக்கத்தை எப்படி வைப்பது?

ஆகத் தளர்வாக. எஸ்பிடி பெடலில் 3 மில்லிமீற்றர் அலன்கீ போகும் சின்னத் திருகாணி இருக்கும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். இரண்டு பக்கமும் பூட்டும் பெடல் என்றால் ஒரு பெடலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு திருகாணி. நான்கையும் ஒரே அளவில் வையுங்கள். ஒன்றை மறந்தால் ஒரு பக்கம் இலேசாகவும் ஒரு பக்கம் இறுக்கமாகவும் விடும், அது குழப்பிவிடும்.

எப்படிப் பழகுவது?

முதல் நாள் வீதிக்குப் போகவே வேண்டாம். சயிக்கிளில் ஏறி, மதிலைக் கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு காலைப் பூட்டுங்கள், கழற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது சுலபம், மேலே இருக்கும்போது கொஞ்சம் கடினம், இரண்டிலும் செய்யுங்கள். பிறகு மற்றக் கால். யோசியாமல் குதிக்கால் திரும்பும்வரை செய்ய வேண்டும். சலிக்கும். சலித்த பிறகும் கொஞ்சம் செய்யுங்கள்.

அடுத்தது, விடியற்காலையில் ஆளில்லாத ஒரு புல் மைதானம். ஒரு காலைப் பூட்டி, அந்தப் பெடலை மேலே கொண்டுவந்து மிதித்துப் புறப்படுங்கள். சயிக்கிள் உருளத் தொடங்கியதும் மற்றக் காலைப் பூட்டுங்கள். குனிந்து பெடலைப் பார்க்காதீர்கள், பார்வை முன்னால் இருக்கட்டும். கிளீட்டின் முன்பக்கத்தால் பெடலைத் தடவிப் பிடித்து அமத்தினால் கிடைத்துவிடும். கிடைக்கவில்லையென்றால் பூட்டாமலே நாலு மிதி மிதித்து, வேகம் வந்தபின் முயலுங்கள்.

நிற்பதற்குத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும். வரிசை இதுதான்: மிதிப்பதை விடு, காலைக் கழற்று, பிறகு பிறேக். பழைய பழக்கத்தில் முதலில் பிறேக் பிடித்து, சயிக்கிள் சரியத் தொடங்கியபின் காலைத் தேடுவோம், அப்போது நேரம் இருக்காது. உருண்டுகொண்டிருக்கும்போதே கழற்றிய காலைப் பெடலின் மேலே சும்மா வைத்துக்கொண்டு நிற்கும் இடம்வரை போங்கள்.

விழுவேனா?

அநேகமாக ஒருமுறை விழுவீர்கள், அதுவும் வேகமே இல்லாமல், நின்றபடி, பலர் பார்க்க. காயத்தைவிட வெட்கம் கூட. இடக்காலைக் கழற்றிவிட்டு உடம்பை வலப்பக்கம் சாய்ப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கும். விழும்போது கையை நீட்டி நிலத்தில் ஊன்றாதீர்கள், மணிக்கட்டும் தோள் எலும்பும் அப்படித்தான் உடையும். ஹாண்டிலைப் பிடித்தபடி தோளும் தொடையும் படச் சரிந்தால் சிராய்ப்போடு போய்விடும். ஹெல்மெற்றும் கையுறையும் போட்டுப் பழகுங்கள்.

எந்தக் காலைக் கழற்றுவது?

நாங்கள் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறோம், ஆகவே இடக்கால். உடம்பு வாகனங்களுக்கு அப்பால் சாயும். வலக்காலை ஊன்றப் பழகினால் ஒருநாள் பின்னால் வரும் பஸ்ஸின் பக்கமாகச் சரிவீர்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பல வீதிகளில் தார் முடியும் இடத்தில் ஓரம் ஒரு சாண்கூடப் பள்ளமாக இருக்கும். தாரின் கரையில் நின்றுகொண்டு இடக்காலை அந்தப் பள்ளத்தில் ஊன்றப் போனால் கால் எட்டாது, மெல்லச் சரிந்து பற்றைக்குள் போய்விடுவீர்கள். தாருக்குள் ஒரு அடியாவது விட்டு நில்லுங்கள், அல்லது ஓரம் சமமான இடம்வரை உருண்டு போங்கள். அவசரத்துக்கு வலக்காலும் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டணத்துக்குள் எப்படிச் சமாளிப்பது?

பஸ் நிலையத்தடி, ஆஸ்பத்திரி வீதி, சந்தைச் சுற்றாடலில் இடக்காலை முன்கூட்டியே கழற்றிவிட்டு ஓடுங்கள். கைகாட்டாமல் நிற்கும் ஓட்டோ, குறுக்கே வரும் கட்டாக்காலி மாடு, ஒழுங்கைக்குள்ளிருந்து பாயும் மோட்டார் சயிக்கிள் எல்லாம் உங்கள் குதிக்கால் திரும்பும்வரை காத்திருக்காது. கொக்குவில், இணுவில் பக்கத்து ரயில் கடவைகளில் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடவுங்கள், மழையில் இன்னும் கவனம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றி சயிக்கிளை உருட்டிக்கொண்டு போவதே நல்லது.

முழங்கால் நோகிறதே?

இரண்டு மூன்று ஓட்டத்துக்குள் புதிதாக நோ வந்தால் கிளீட்டைச் சந்தேகியுங்கள். முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ நொந்தால் பெரும்பாலும் கிளீட்டின் கோணம். முன்பக்கம் நொந்தால் சீற்றின் உயரத்தையும் பாருங்கள். சப்பாத்தும் பெடலும் மாறும்போது பாதத்துக்கும் பெடல் அச்சுக்கும் இடையிலான தடிப்பு மாறும், ஆகவே சீற்றைச் சில மில்லிமீற்றர் ஏற்றவோ இறக்கவோ வேண்டிவரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாற்றி ஓடிப் பாருங்கள். திருத்தியும் நோ போகாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், நோவோடு ஓட வேண்டாம்.

விரல் விறைக்கிறது, உள்ளங்கால் எரிகிறது.

எங்கள் வெயிலில் பாதம் வீங்கும். காலையில் அளவாக இருந்த சப்பாத்து பத்து மணிக்கு இறுகும். பட்டியைத் தளர்த்துங்கள், மெல்லிய காலுறை போடுங்கள். அப்படியும் இருந்தால் கிளீட்டைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள்.

மழை, செம்மண், உப்புக் காற்று எல்லாம் ஒத்துவருமா?

வலிகாமத்துச் செம்மண் மழையில் களியாகி கிளீட்டுக்குள் அப்பிக்கொள்ளும். எஸ்பிடி பரவாயில்லை, பெடலில் இரண்டு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். மூன்று திருகாணி அடைத்துக்கொண்டால் குச்சி தேட வேண்டும்.

உப்புத்தான் பெரிய எதிரி. தீவகப் பாலங்களில் ஓடிவிட்டு வந்தால் அன்றே பெடலையும் கிளீட்டையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, ஸ்பிறிங்குக்கும் கவ்விக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். உங்கள் கிணற்று நீரே சவர் என்றால் கழுவியபின் ஈரம் போகத் துடைப்பது இன்னும் முக்கியம். கிளீட் திருகாணி துருப்பிடித்து அலன்கீத் துளை மண்ணால் அடைந்தால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலில் போட்டால் ஒட்டு விடும்.

நயினாதீவுக்குப் போகலாமா?

குறிகட்டுவான் வரை ஓடி, படகில் சயிக்கிளையும் ஏற்றலாம். ஆனால் ஈரமான துறையிலும் படகுத் தட்டிலும் இரும்புக் கிளீட் சறுக்கும். சயிக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சப்பாத்தோடு படகுக்கு எட்டி வைக்காதீர்கள். ஒரு சோடி இறப்பர்ச் செருப்பைப் பையில் கொண்டுபோனால், படகுக்கும் உதவும், கோயில் வாசலில் கழற்றி வைக்கவும் மனம் நோகாது.

சல்வாரோ நீளக் காற்சட்டையோ போட்டு ஓடலாமா?

ஓடலாம், வலப்பக்கத் துணியை மட்டும் பட்டி போட்டுக் கட்டிவிடுங்கள். தட்டைப் பெடலில் துணி செயினில் சிக்கினால் காலை எடுத்து ஊன்றலாம். இதில் பூட்டியிருக்கும் காலும் சிக்கிய துணியும் சேர்ந்து இழுக்கும். ஷாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இதை யார் கண்டுபிடித்தது?

பனிச்சறுக்குக் கட்டைகளில் சப்பாத்தைப் பூட்டும் முறையிலிருந்து பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் ஒரு பெடல் செய்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அதோடு ரூர் து பிரான்ஸ் சயிக்கிள் பந்தயத்தை வென்றார், உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் 1970களில் இத்தாலியின் சினெல்லி எம்71 என்று ஒன்று இருந்தது. அதில் காலைக் கழற்றக் குனிந்து கையால் ஒரு நெம்பைத் தள்ள வேண்டும். "மரணப் பெடல்" என்று ஆட்கள் பட்டம் வைத்ததில் ஆச்சரியமில்லை.

கிளீட்டை எப்போது மாற்றுவது?

தானாகக் கழரத் தொடங்கினால், அல்லது பூட்டிய பின்னும் கால் லொட லொட என்று ஆடினால். அடிக்கடி இறங்கிக் கால் ஊன்றுவதால் இடக்கால் கிளீட் முந்தித் தேயும், மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள். பழையதைக் கழற்றுமுன் மார்க்கர் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

முன் பாரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு டபிள்ஸ் போகலாமா?

வேண்டாம். விழுந்தால் நீங்கள் பெடலோடு பூட்டியபடி விழுவீர்கள், ஏறினவர் உங்களுக்கு முன்னால் விழுவார். தம்பியைக் கூட்டிப்போக அப்பாவின் ராலி நிற்கிறதுதானே.